மகிழமரத்தடிக் கல்பெஞ்சு

அப்பா பத்து மணிக்குத்தான் வருவார் என்று தம்பி கைலாசம் சொல்லியிருந்தான். வடிவு ஒன்பது அடிக்கும் முன்பே பஞ்சு பங்களாவின் வாசலில் வந்து நின்றாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்தை எப்படியோ ஓட்டிவிட்டவளுக்கு இந்த ஒரு மணி நேரம் மலையாக நின்றது. பாளையங்கோட்டையிலேயே பிறந்து இருபத்திரண்டு வயசு வரை வளர்ந்தவள்தான், ஆனால் இந்த பங்களாவுக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. அப்போதெல்லாம் பூட்டிக் கிடக்கும், மதிலுக்கு மேலே மகிழமரத்தின் தலை மட்டும் தெரியும், உள்ளே துரைச்சாணியின் ஆவி உலாத்துகிறது என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள். எவரோ ஒரு துரை கட்டி, அவரிடம் ஒரு பஞ்சு வியாபாரி வாங்கி, அவருடைய பேரன்மார் வழக்காடிச் சலித்து, கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து எடுத்து, ஓடு மாற்றி, சுண்ணாம்பு பூசி, சுற்றிலும் பூங்கா வைத்து, ஆவியை விரட்டி, டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள். தம்பி போனில் சொன்னது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. "வீட்டுக்கு வேண்டாம்க்கா. வீட்ல வச்சுன்னா அவ்வோ கதவச் சாத்திக்கிடுவாவ. பூங்காவுக்கு வா. தெனமும் பத்து மணிக்கு வந்து மகிழமரத்தடிப் பெஞ்சுல ஒரு மணி நேரம் இருப்பாவ. நீ வாரது அவ்வோளுக்குத் தெரியாது. சொன்னா வரமாட்டாவ." சொன்னால் வரமாட்டாவ. புருஷன் அருள்ராஜ் ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, நீ மட்டும் போ என்று சொல்லிவிட்டார். "ஏசுனா வாங்கிக்க. அடிச்சாலும் வாங்கிக்க. எண்பத்தெட்டு வயசுக் கை, எம்புட்டு வலிச்சிரும்." அடிக்கட்டும். ஏசட்டும். வாயைத் திறந்து என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும், அது கெட்ட வார்த்தையாக இருந்தாலும் ஈரோட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் வடிவு டிக்கெட்டை வாங்கினாள்.

நேரத்தைத் தள்ள வேண்டுமே என்று முதலில் வீட்டுக்குள் போனாள். தேக்குப் பலகைத் தரை, ஒவ்வோர் அடிக்கும் முனகியது. கயிறு கட்டி இழுக்கிற பழைய துணிவிசிறி. யாரும் சாப்பிட வராத மேஜையில் எட்டுப் பேருக்குத் தட்டு. தொடாதீர்கள், சாயாதீர்கள், உட்காராதீர்கள் என்று அறைக்கு அறை அட்டை. செத்தவர்கள் வீட்டில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு எத்தனை சட்டம். மாடிப்படியில் கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியை நிற்கவைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தான் ஒருவன். அந்தப் பெண்ணை, சிரிக்காமல் தூரத்தைப் பார்க்கச் சொன்னான். அவளோ பாவம், எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தக் கடிகாரத்தில் முள் தெரியவில்லை, உபயம் இன்னார் என்கிற எழுத்துதான் தெரிந்தது. நம் ஜனங்களுக்கு உபயம் என்று போடாமல் ஒரு ட்யூப்லைட் எரியாது. கோவிலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நாலு தலைமுறைப் பேர் இருக்கும், இங்கேயும் விசிறிக்கு ஒருவர், குடிதண்ணீர்த் தொட்டிக்கு ஒருவர், வாளிக்கு ஒருவர். சிரித்துக்கொண்டே மூலை அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்த பாம்புபோல ஒரு இரும்புச் சங்கிலி. நில அளவைச் சங்கிலி, நூறு கண்ணிகள். அன்பளிப்பு: சர்வேயர் சு. பிரமநாயகம். அப்பாவின் பேர். அப்பாவின் சங்கிலி. அறுபத்தேழாவது கண்ணியில் ஒரு வளைவு இருக்கும், மாட்டுவண்டி ஏறியது. வடிவு கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து தேடினாள். மடிப்புக்குள் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, அதுதான். அந்தத் துருவின் வாசனை கண்ணாடியையும் தாண்டிக் கையில் வந்து ஒட்டிக்கொண்டது.

லீவு நாட்களில் அந்தச் சங்கிலியின் ஒரு முனையை அவள் பிடித்திருக்கிறாள். அப்பா மறுமுனையோடு உடைமரத்துக்குள் போய் மறைந்துவிடுவார், சத்தம் மட்டும் வரும், "இழுத்துப் பிடிளா, தொய்ய விடாத." தொய்ய விடாமல் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பாள். மறுமுனையில் அப்பா இருக்கிறார் என்பது கையில் தெரியும், அதுவே பெருமையாக இருக்கும். எல்லைக்கல் நடும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், சாமி சிலையை வைக்கிற பட்டர்கூட அவ்வளவு பயபக்தியாக இருக்க மாட்டார். கல்லை நட்டால் நட்டதுதான், அதற்கப்புறம் கலெக்டரே வந்தாலும் பேச்சுக் கிடையாது. பழைய கல் காணாமல் போயிருந்தால் உடனே புதுக்கல் போடமாட்டார். மூணு தடவை தேடணும் என்பார். மூணு தடவை போய் மண்ணைக் கிளறித் தேடிவிட்டுத்தான், கல் காணவில்லை என்று எழுதுவார். அப்படிப்பட்டவர் வீட்டிலிருந்துதான் தொண்ணூறாம் வருஷம் ஜூலை மாதம் ஒரு விடியற்காலையில் அவள் ஒரு பையோடு கிளம்பினாள். தூத்துக்குடிக்காரன், வேதக்காரன், மாதா கோவிலுக்குப் போகிறவன், ரயில்வேயில் வேலை, பேர் அருள்ராஜ், தேடவேண்டாம் என்று நாலு வரி எழுதி அரிசிப்பானை மூடியில் வைத்துவிட்டு வந்தாள். சித்தப்பா அரிவாளைத் தீட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றதாகச் சொன்னார்கள். அப்பா என்ன செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. ரெண்டாயிரத்து ஒன்றில் அம்மா போனாள், மூணு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு முன்னால், மணியாச்சி ஜங்ஷனில் ஒரே ஒரு தடவை அப்பாவைப் பார்த்தாள். அவர் பார்த்தும் பாராதவர்போலப் போய்விட்டார். அருள்ராஜிடம் அப்படித்தான் சொன்னாள், மகள் வளர்ந்து கேட்டபோது அவளிடமும் அப்படித்தான் சொன்னாள். அதைச் சொல்லும்போதெல்லாம் அழுகை வரும், கேட்கிறவர்களுக்கும் வரும். என்ன மனுஷர் என்பார்கள். அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும். சங்கிலியைப் பார்த்தபடி நின்றவளுக்கு ஏனோ கை வியர்த்தது. மணி ஒன்பதரை. தோட்டத்துக்குப் போய் அந்தப் பெஞ்சில் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்வோம், அவர் வந்தால் ஓட முடியாதபடி இருக்கட்டும் என்று படியிறங்கினாள்.

மகிழமரம் மதிலுக்கு வெளியே இருந்து பார்த்ததைவிடப் பெரிசு. கீழே பூ உதிர்ந்து கிடந்தது. ஒரு பூவை எடுத்து முகர்ந்தாள், அம்மா பெட்டிக்குள் சேலைக்கு நடுவே போட்டு வைக்கிற அதே வாசனை, காய்ந்தாலும் விடாத வாசனை. மரத்தைச் சுற்றி வந்தால் கல்பெஞ்சு. சாய்மானமும் கல்தான். அதில் எழுத்து வெட்டிக் கறுப்பு மை பூசியிருந்தார்கள். இதற்கும் உபயமா, எந்தப் புண்ணியவானோ என்று கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். முதல் வரியில் தன் பேரைப் பார்த்ததும், கூட்டத்தில் யாரோ கூப்பிட்டால் திரும்புவோமே, அந்தமாதிரி சாதாரணமாக ஒரு சந்தோஷம்தான் வந்தது. அது ஒரு விநாடி இருந்திருக்கும். செல்வி பி. செண்பகவடிவு நினைவாக. தோற்றம் 11.4.1968. மறைவு 19.5.1993. உபயம்: சர்வேயர் சு. பிரமநாயகம். மறுபடியும் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல விரலை வைத்துப் படித்தாள். வேறு யாராவது செண்பகவடிவாக இருக்கும் என்று புத்தி ஓர் ஓட்டை வழியே தப்பப் பார்த்தது. ஆனால் பதினொண்ணு நாலு அறுபத்தெட்டு. அந்தத் தேதி யாருக்குத் தெரியும்? பத்து மாதம் முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக அப்பாவே எழுதிக்கொடுத்த தேதி ஒன்று ஆறு அறுபத்தேழு. சர்டிபிகேட்டில் அது, ரேஷன் கார்டில் அது, ஆதாரில் அது, அருள்ராஜ் வருஷாவருஷம் கேக் வாங்கி வருவதும் அந்தத் தேதிக்குத்தான். நிஜத் தேதி அவளுக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். பைக்குள் ஆதார் கார்டில் இருக்கிறவள் வேறு ஒருத்தி, அவள் உயிரோடு இருக்கிறாள். நிஜமாகப் பிறந்தவள் இந்தக் கல்லில் செத்துக் கிடக்கிறாள்.

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தன் மேலேயே எப்படி உட்காருவது? எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் இங்கே, கடலை கொறித்துக்கொண்டு, என் பேரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பாவம் இருபத்தஞ்சு வயசு என்று கணக்குப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். செல்வியாம். அருள்ராஜையும் மகளையும் ஈரோட்டில் வாங்கிய வீட்டையும் மூட்டுவலியையும் ஒரு வார்த்தையில் துடைத்துவிட்டார். தலைமுழுகுவது என்றால் கிணற்றில் ரெண்டு வாளி இறைத்து ஊற்றுவது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறாள், கல்லில் வெட்டுவார்கள் என்று கேள்விப்பட்டதில்லை. சொந்தம் என்றால் எனக்கே எனக்காக இந்த ஊரில் இருப்பது இது ஒன்றுதான் போலிருக்கிறது. அம்மாவுக்குப் பெஞ்சு உண்டா? திரும்பித் திரும்பிப் பார்த்தாள், பக்கத்துப் பெஞ்சில் ஏதோ ஜவுளிக்கடைப் பேர், அடுத்ததில் ஒரு டாக்டர். அம்மாவுக்கு இல்லை. நிஜமாகச் செத்தவளுக்கு இல்லை. கைலாசத்துக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் மகிழமரத்தடிப் பெஞ்சு என்று அழுத்திச் சொல்லியிருக்கிறான். போனைப் போட்டாள். "பாத்துட்டியாக்கா?" என்றான் அவன், ஹலோகூடச் சொல்லாமல். "நான் சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட. எனக்கு வேற வழி தெரியல" என்றான். "தேதி என்னடா அது?" என்று கேட்டாள், "தொண்ணூத்தி மூணுன்னு போட்டிருக்கே. நான் போனது தொண்ணூறுல்லா?" கைலாசம் சொன்னான், "நானும் அதத்தான் சொன்னேன். வருசம் தப்பால்லா எழுதியிருக்கியன்னு. சரியாத்தான் எழுதியிருக்கேன், உனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டாவ. அதுக்கு மேல அவ்வோகிட்ட யாரு பேச?"

சரியாத்தான் எழுதியிருக்கேன். சர்வேயர் தப்பாக எழுதமாட்டார், அரையடி வித்தியாசத்துக்கு மூணு மைல் திரும்பி நடக்கிற மனுஷர். பத்தொன்பது அஞ்சு தொண்ணூத்தி மூணு. அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? செத்த நாளில் என்ன செய்தேன் என்று யோசிக்கிற முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன் என்று ஒரு சிரிப்பு வந்து, பாதியில் அறுந்தது. மே மாதம் என்றால் வெயில். ஈரோட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸ். மகள் பிறந்து பத்து மாதம், தவழ்ந்து தவழ்ந்து அடுப்பாங்கரைக்கு வருவாள். பத்தொன்பது, பத்தொன்பது. இருபது என்றால் தெரியும், இருபது அஞ்சு தொண்ணூத்தி மூணு மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள், தூத்துக்குடியில், மாமியார் வீட்டுப் பக்கத்துக் கோவிலில். அந்தச் சர்டிபிகேட்டை ஸ்கூலுக்கும் கல்யாணத்துக்கும் எத்தனை தடவை நகல் எடுத்திருப்பாள், தேதி மனப்பாடம். அப்படியானால் பத்தொன்பது அதற்கு முந்தின நாள். முந்தின நாள் ரயிலில் வந்தோம். ரயில் மணியாச்சியில் நின்றது. வடிவு பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டாள். ரயில் மணியாச்சியில் நின்றது, தூத்துக்குடிப் பெட்டியைக் கழற்றுவதற்காக முக்கால் மணி நேரம் நின்றது, அருள்ராஜ் பாலுக்கு வெந்நீர் வாங்க இறங்கிப் போயிருந்தார். வெயில் படாமல் பிள்ளையைத் துண்டு சுற்றி மடியில் வைத்திருந்தாள். அப்பா பார்த்தும் பாராதவர்போலப் போய்விட்டார், அப்படித்தானே? அப்படித்தானே சொன்னேன்? இல்லையே. அவர் போகவில்லையே. பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் குடையும் பையுமாக நின்றவர் அவளைப் பார்த்துவிட்டார், பார்த்த இடத்திலேயே நின்றார், பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பினார். தப்பினோம் என்று மூச்சு விட்டாள். திரும்பி வந்தார். கையில் ஒரு பன் பொட்டலம். ஒவ்வொரு ஜன்னலாக எண்ணிக்கொண்டு, கண்ணி எண்ணுகிறமாதிரி எண்ணிக்கொண்டு, நேராக அவள் ஜன்னலுக்கு வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் முகம், மூணு வருஷத்தில் பத்து வருஷம் கிழண்டு போன முகம். பொட்டலத்தைத் தூக்கினார். எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த பொம்பளை கேட்டாள், "தெரிஞ்சவுகளா?"

யாரோ. அதுதான் சொன்னாள். இல்ல, யாரோ. சித்தப்பாவின் அரிவாள் பின்னாலேயே வருகிறது, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள், கம்பி வழியே கை வரும் என்று பயந்து அப்படிச் சொன்னாள். பயந்தது நிஜம். ஆனால் சொன்னதும் நிஜம். ஒரு முழத் தூரத்தில் நின்றவருக்குக் காது நன்றாகவே கேட்கும். சொல்லிவிட்டு ஜன்னல் ஷட்டரைக் கீழே இழுத்தாள், அது பாதியில் சிக்கியது, ரெண்டு கையாலும் அமுக்கி இழுத்தாள். ஷட்டர் விழுந்த சத்தத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. அந்தப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள், வெள்ளை வேட்டி அங்கேயே நின்றது, ரயில் நகரும் வரை நின்றது. அருள்ராஜ் வெந்நீரோடு வந்து ஏன் ஷட்டரை மூடினாய் என்று கேட்டபோது, அப்பா என்னைப் பார்த்தும் பாராதவர்போலப் போயிட்டாவ என்று சொல்லி அழுதாள். ஐந்து நிமிஷத்துக்குள் கதை மாறிவிட்டது. முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கதையைத் தின்றுதான் உயிர் வாழ்ந்திருக்கிறாள். ஓடிப்போன அன்றைக்கு அவர் என்னைத் தலைமுழுகவில்லை. நாலு வரி எழுதி வைத்துவிட்டுப் போன பிறகும் மூணு வருஷம் அந்தக் கணக்கில் நான் உயிரோடு இருந்திருக்கிறேன். தேடியிருக்கிறார். எந்த ஊரில் மண்ணைக் கிளறினாரோ, எந்தெந்த பிளாட்பாரத்தில் நின்றாரோ. கிடைத்த இடத்தில், கண்ணெதிரே, நான் யாரோ என்று சொன்னேன். என்னைக் கொன்றது யார்? அவர் தேதியை எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். வடிவு உட்கார்ந்துவிட்டாள், தன் பேரின் மேலேயே சாய்ந்துவிட்டாள். எழுத்துகளின் பள்ளம் ஜாக்கெட்டுக்கு மேலே முதுகில் குளிர்ந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது, பின்பக்கம் ஒரு சின்ன கேட் திறந்தே கிடந்தது, ஆட்டோ பிடித்தால் லாட்ஜ். அருள்ராஜிடம் அப்பா வரவில்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் எவ்வளவு தயாராக வாயில் வந்து நிற்கிறது என்று பார்த்து, அவளுக்குத் தன்னைப் பற்றியே பயமாகிவிட்டது.

"ஏம்மா, அதுல இருக்காதிய" என்று விளக்குமாற்றோடு வந்து நின்றான் வாட்ச்மேன் எசக்கி. "அந்தாப் பக்கம் பெஞ்சு காலியாத்தான கெடக்கு. இது ஒரு பெரியவரு வந்து இருக்க இடம். அவ்வோ பொண்ணு பேரு போட்டது. காய்ச்சல்ல போயிட்டுதாம், பாவம். தெனமும் துண்ட வச்சு எழுத்தெல்லாம் தொடைப்பாவ, அதுக்கப்புறம்தான் உக்காருவாவ." தொடைப்பாவ என்றதும் வடிவுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அந்த நேரத்தில்தான் சரளைப் பாதையில் கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. நாலு கால் வைத்துவிட்டு ஒரு நிறுத்தம், மறுபடி நாலு கால். அப்பாவின் நடைதான், அளந்து வைக்கிற நடை, அதில் பாதி உயரமும் பாதி உடம்பும்தான் மிச்சம் இருந்தது. தோளில் துண்டு. மரத்தைச் சுற்றி வந்தவர் பெஞ்சில் யாரோ இருப்பதைப் பார்த்து, ஒரு முழத் தூரத்தில் நின்றார். கண்ணாடிக்குள் கண் சாம்பல் பூத்திருந்தது. அடையாளம் தெரிகிறதா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எசக்கி அவரையும் அவளையும் பார்த்துவிட்டு அவளிடம் குனிந்து கேட்டான், "தெரிஞ்சவுகளா?"

ஊரில் ஒரு கேள்விக்கு எத்தனை வார்த்தை உண்டு, இவன் ஏன் அந்த வார்த்தையையே எடுக்கவேண்டும். பூக்கூடை வாசனைகூட வந்தது, அல்லது மகிழம்பூவா. இங்கே இழுத்து மூட ஷட்டர் இல்லை. "எங்கப்பா" என்றாள். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு முழத் தூரத்தில் நிற்கிற, காது மந்தமாகிப்போன ஒருவருக்குக் கேட்கவேண்டுமே என்று, பூங்கா முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, "எங்கப்பா. இவ்வோ எங்கப்பா" என்றாள்.

எசக்கி அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "அவ்வோளுக்கு ஒரே பொண்ணுல்லாம்மா. அது செத்துல்லா போச்சு."

அப்பா கம்பைப் பெஞ்சின் ஓரத்தில் சாய்த்துவைத்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், உதறினார், எழுத்து இருக்கிற இடத்தில் அவள் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதை மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் நின்றார், ரயில் நின்ற நேரம்போல நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தாள், அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருளா" என்றார்.

அவள் தள்ளினாள். அவர் உட்கார்ந்தார், மூச்சு வாங்கியது, வாங்கி முடியும் வரை எதிரே இருந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எசக்கி கல்லை ஒரு தடவையும் அவளை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, விளக்குமாற்றைக் கீழே போட்டதுகூடத் தெரியாமல் நின்றான். அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. புல்லிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"அன்னைக்கு மடியில துண்டு சுத்தி வச்சிருந்தியே, அது ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"